முகவரி இல்லாதவை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். யார் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதுவேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன்.

போன மார்ச்சில் நான் எழுதியது பொய். அப்பா சாப்பிடும்போது கையை நிறுத்திவிட்டு, "அவ எப்படி இருக்காளோ" என்று சொன்னதாக எழுதியிருந்தேன். அவர் கையை நிறுத்தியது உண்மை. ஆனால் சொன்னது, "உப்பு எங்க?" அவ்வளவுதான். நீ அதை நம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருவாய் என்று நான் நினைக்கவில்லை. அதன் பிறகு போனை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். உன் கோபம் நியாயம்தான். ஆகவே எழுதுகிறேன்.

பள்ளி விட்டதும் தினமும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போகிறேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ப்ரூஃபை மூலத்தோடு ஒப்பிட முடியவில்லை. நான் மூலத்தைச் சத்தமாகப் படிப்பேன், "கமா", "புள்ளி", "பத்தி" எல்லாம் சொல்லி. அவர் ப்ரூஃபைக் கண்ணுக்கு அருகில் பிடித்துத் திருத்துவார். வீட்டில்கூட "அம்மா கமா பசிக்குது புள்ளி" என்று என் வாயில் வந்துவிடுகிறது. "ஒரு பைத்தியம் போதாதா இந்த வீட்டுக்கு?" என்கிறாள் அம்மா.

அக்கா, பத்திரிகை படுத்துக்கொண்டிருக்கிறது. அப்பா இருபது வருடம் ஆதரித்த கட்சி ஆட்சிக்கு வந்திருக்கிறதே, அதன் புதுத் தலைவர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ஏற்க முடியாது என்றார். அப்பா தன் ‘நிதானம்’ பகுதியில், "தீர்ப்பை மதிக்காதவர் பழமையைக் காப்பவர் அல்ல, வெறும் அவசரக்காரர்" என்று எழுதினார். அந்த வாரத்திலிருந்து தபால் மூட்டையாக வருகிறது. எல்லாம் சந்தா வேண்டாம் என்கிற கடிதங்கள். "எங்கள் ஆள் என்று நினைத்தோம்" என்று ஒருவர். "உங்களுக்கு வயசாகிவிட்டது, பேரனைக் கொஞ்சுங்கள்" என்று ஒருவர். எதிர்க்கட்சிக்காரர்கள் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எழுதியது, "இப்போதுதான் விழித்தீர்களா?"

அப்பா எல்லாவற்றுக்கும் கைப்படப் பதில் எழுதுகிறார். "நான் நின்ன இடத்துலயேதான் நிக்கிறேன். ரயில்தான் போயிடுச்சு" என்று என்னிடம் சொன்னார்.

பள்ளியில் ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவர். பிறகு உதவி ஆசிரியர். பிறகு இந்த வாரப் பத்திரிகையின் ஆசிரியர். ‘நிதானம்’ இருபத்திரண்டு வருடமாக ஒரு வாரம்கூட விடுபடவில்லை. நான் பிறந்த வாரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நகராட்சிச் சீர்திருத்தம் பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரே ஒரு வாரத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அது உன்னைப் பற்றிய வாரம்.

பூச்சி

—

ஜூன் 11

தங்கைக்கு,

கிடைச்சது. உப்பு விஷயத்தை ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

மார்ச்சில் வந்த அன்னிக்கு நான் நம்ம தெருமுனைக் கடையிலேருந்து போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார். "நான்தான்" என்றேன். "எந்த நான்?" என்றார். வைத்துவிட்டேன். எதிர்த் தெரு மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று நம் வீட்டுப் பால்கனியைப் பார்த்தேன். கொடியில் உன் யூனிஃபார்ம் காய்ந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உன் கட்டுரைக்கு வேண்டுமானால் இதையும் குறித்துக்கொள். நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தபோது அதை எதிர்த்து அப்பா எழுதினார். அதில் எனக்கு வருத்தமில்லை. அது அவர் கொள்கை. நானும் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். அது என் கொள்கை. வேலை போச்சு. வேறு ஊரில் தேடிப் போவது என்று முடிவு பண்ணினேன். சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவர் ஆபீசுக்குப் போனேன். இதழ் முடிக்கிற நாள். "முடிச்சிட்டுப் பேசலாம், உட்காரு. மேஜை மேல எதையும் வைக்காதே, கலைஞ்சிடும்" என்றார். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு வரை அந்தக் கை உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நிமிரவே இல்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதி, வந்த கடிதங்கள் போடும் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதைத்தானே தினமும் முதலில் பார்ப்பார்?

எழுதியது இவ்வளவுதான்: "அப்பா, நான் போறேன். எங்க வேலை கிடைக்கும்னு தெரியல. தெரிஞ்சதும் முகவரி எழுதறேன். நீங்க நிமிர்ந்து பார்த்திருந்தா நேர்லயே சொல்லியிருப்பேன். உங்கள் மகள்."

அடுத்த வார ‘நிதானம்’ என்ன தெரியுமில்லையா? "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு பெண் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியேறினாள். சொல்லாமல் போவதே இப்போது கொள்கையாகிவிட்டது." யார் என்று ஊருக்கே தெரியும். புது ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள், மேட்ரன் அந்தப் பக்கத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினாள்.

என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அப்படி எழுதினார். மூன்று வருஷமாக எனக்கு ஆறாதது அதுதான். அவருக்கு முகவரி எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

அக்கா

—

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். தெரியும் என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் இரண்டு விதிகள் உண்டு, உனக்கும் தெரியும். ஒன்று, பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் ஆசிரியர் மேஜைக்குப் போகாது. "முகமில்லாத ஆளோட நான் பேச மாட்டேன்" என்பார் அப்பா. இரண்டு, கருத்துக்கு வருத்தம் தெரிவிப்பது கிடையாது. தகவல் தவறென்றால் மட்டும் மூன்றாம் பக்கத்தின் அடியில் திருத்தம் வரும்.

முத்திரை மாமாவிடம் கேட்டேன். தபாலைப் பிரிக்கிற கிளார்க், வழுக்கைத் தலை, உனக்கு மிட்டாய் கொடுப்பாரே, அவர்தான்.

"மாமா, தட்டுல இருக்கிற கடிதமெல்லாம் நேரா அப்பாகிட்டயா போகும்?"

"எப்படிப் போகும்? என்னைத் தாண்டித்தான் போகணும். நான் என்ன இங்க ஈ ஓட்டவா உட்கார்ந்திருக்கேன்?"

"நீங்க முழுசாப் படிப்பீங்களா?"

"எனக்கென்ன தலையெழுத்தா? கடைசி வரியைப் பார்ப்பேன். பேரும் முகவரியும் இருந்தா ஆசிரியருக்கு. இல்லையா, ஒரே குத்து!" என்று மேஜையில் முத்திரையைக் குத்திக் காட்டினார். ‘முகவரி இல்லை’ என்று ஊதா நிறத்தில் விழுந்தது.

"‘உங்கள் மகள்’னு மட்டும் இருந்தா?"

"‘உங்கள் வாசகன்’, ‘உங்கள் தம்பி’, ‘உங்கள் மகள்’னு ஆயிரம் பேர் போடுவாங்கம்மா. எல்லாரையும் சொந்தம்னு நினைச்சா நான் கல்யாணப் பத்திரிகை அடிச்சு மாளாது" என்று சிரித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். முகம் மாறியது. "ஏம்மா கேக்குற?" என்றார். பின்னறைச் சாவியைக் கேட்டேன்.

பின்னறையில் அலமாரி உச்சிவரை மூட்டைகள். ‘முகவரி இல்லாதவை’ என்று ஒவ்வொன்றிலும் அட்டை கட்டியிருக்கிறது. வருடம் மட்டும் போட்டிருக்கிறார், மாதம் போடவில்லை. தேடத் தொடங்கிவிட்டேன்.

வேகமாகத் தேட ஒரு காரணம் இருக்கிறது. நேற்று பத்திரிகை முதலாளி வந்தார். அவருடைய கம்பெனி பெயிண்ட்தான் இப்போது அரசுக் கட்டடங்களுக்கெல்லாம் போகிறதாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "ஐயா, இன்னும் மூணு இதழ். அதோட மரியாதையா மூடிடலாம்" என்றார். அப்பா, "மரியாதையா மூடறதுன்னா எப்படி?" என்று கேட்டார். முதலாளி காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று இதழ் என்றால் திருத்தம் வர மூன்று மூன்றாம் பக்கம்தான் இருக்கிறது அக்கா.

பூச்சி

—

ஜூன் 26

தங்கைக்கு,

தேடாதே. கிடைக்காவிட்டால் உனக்கு ஏமாற்றம். கிடைத்து, முத்திரை இல்லாமல் இருந்தால் அவர் படித்திருக்கிறார் என்று ஆகும். அதற்கப்புறம் அவரோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பாய்? எனக்கு வெளியே வேலை கிடைத்தது. உனக்குப் பத்தாம் வகுப்புதான் ஆகிறது.

பரீட்சைக்குப் படி.

அக்கா

—

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது. ஐந்தாவது மூட்டையில், ஒரு சோதிடக்காரரின் கடிதத்துக்கும் தண்ணீர்க் குழாய் பற்றிய புகாருக்கும் நடுவில். உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஏணியில் நின்ற மாமாவிடம் நீட்டினேன். ‘உங்கள் மகள்’ என்பதன் மேலேயே ஊதா முத்திரை விழுந்திருக்கிறது. முத்திரை மாமா அதைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார். "விதிதானே மாமா" என்றேன். "விதியைப் போட்டவரைப் போய்ப் பாரு" என்றார்.

அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு வாசகருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னது இது?"

"படிங்கப்பா."

"கண்ணு தெரியலையே. நீ படி."

படித்தேன். பழக்கத்தில் "அப்பா கமா நான் போறேன் புள்ளி" என்று தொடங்கிவிட்டேன். அவர் கையைக் காட்டி, "புள்ளியெல்லாம் வேண்டாம். சும்மா படி" என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தேன். "நீங்க நிமிர்ந்து பார்த்திருந்தா" என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

அவர் தாளை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், கண்ணுக்கு ஒட்டவைத்துத் தானும் படித்தார். வெகுநேரம் ஆயிற்று.

"அன்னிக்கு வந்திருந்தா. எனக்குத் தெரியும்" என்றார். "பத்து மணிக்கு வந்தா. நாலு மணிக்கு நிமிர்ந்தேன், நாற்காலி காலி. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளேன்னு..." முடிக்கவில்லை. பிறகு ஆசிரியர் குரலில், "தகவல் பிழை. திருத்தம் போடணும்" என்றார்.

நான், "அக்காவுக்கு போன் பண்ணுங்கப்பா" என்றேன். "முதல்ல அச்சுல வரட்டும். அப்புறம்தான் பேச எனக்கு வாய் இருக்கும்" என்றார்.

இந்த வார இதழ் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. அடுத்தது கடைசி இதழ். மூன்றாம் பக்கத்தின் அடியில் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டார். இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை.

பூச்சி

—

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுத மனமில்லை. ஆனால் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை திருத்தத்தின் ப்ரூஃப் வந்தது. நான் மூலத்தைப் படித்தேன், அப்பா பார்த்தார். இரண்டு முறை சத்தமாகப் படித்ததால் எனக்கு மனப்பாடம். அப்படியே எழுதுகிறேன்:

"திருத்தம்: மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘நிதானம்’ பகுதியில், ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார் என்று எழுதப்பட்டிருந்தது. அது தவறு. அவர் இவ்வலுவலகத்துக்கு நேரில் வந்து ஆறு மணி நேரம் காத்திருந்தார், எழுத்திலும் தெரிவித்தார். அதைப் படிக்கத் தவறியவர் இதன் ஆசிரியர். அந்தப் பெண் அவருடைய மகள்."

கடைசி வாக்கியம் முதலில் இல்லை. ப்ரூஃபின் ஓரத்தில் அப்பா தன் கையால் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கடைசி ‘நிதான’த்தின் பிரதி யார் மூலமோ அவருக்குப் போயிருக்கிறது. அதன் தலைப்பு ‘நான் நகரவில்லை’. தலைவரைப் பற்றி அப்பா மறுபடி எழுதியிருந்தார்; முன்பைவிடக் கடுமையாக. முதலாளி கையைக் கூப்பினார்.

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் ஒரு புள்ளி மாறாம வரும். வழியனுப்பு விழாவே வைக்கறேன்."

"எடுக்கலைன்னா?"

"இதழே வராது. அச்சகத்துல சொல்லிட்டேன்."

அக்கா, மற்றதெல்லாம் வரும் என்றால் மூன்றாம் பக்கமும் வரும். நான் கதவருகில் நின்று அப்பாவையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் எதை நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மேஜையில் மூன்றாம் பக்கத்தின் ப்ரூஃபை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு, "வேண்டாம். வராமலே போகட்டும்" என்றார்.

முதலாளி போனதும் நான் கத்தினேன். அப்பாவிடம் வாழ்க்கையில் முதல் தடவை. "ஒரு வாரம் எழுதாட்டி என்னப்பா? உங்களுக்கு அந்தத் தலைவர்தான் முக்கியமா?"

அவர் கோபப்படவில்லை. "மிரட்டினதும் ஒரு பக்கத்தை உருவிட்டு வர்ற பத்திரிகையில, மிச்சம் இருக்கிறதை எவன் நம்புவான்? அவளைப் பத்திப் போட்டதும் அதுலதான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அவர்மேல் கோபம் போகவில்லை.

அச்சேறாத ப்ரூஃப் வெளியே போகக்கூடாது என்பதும் அலுவலக விதி. எல்லாவற்றையும் அவரே கிழித்தார். பழைய பேப்பர்க்காரர் வண்டி அன்றே வந்துவிட்டது. மூட்டைகளோடு அதுவும் போய்விட்டது. ஒரு துண்டாவது எடுக்கலாம் என்று ஓடினேன். வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.

பூச்சி

—

ஜூலை 20

பூச்சிக்கு,

ரொம்ப நாளைக்கு அப்புறம் உன்னை இப்படிக் கூப்பிடுகிறேன். கோபமில்லை என்று உனக்குத் தெரியட்டும்.

கடிதம் கிடைத்தது என்பதை நம்புகிறேன். முத்திரையையும் நம்புகிறேன். மூன்று வருஷமாக அவர் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அதற்கு நன்றி.

ஆனால் அந்தத் திருத்தம் நீ எழுதியது. அப்பா நடை உனக்கு நன்றாக வரும். எட்டு வயசிலேயே அவர் மாதிரி தலையங்கம் எழுதி எங்களைச் சிரிக்க வைத்தவள் நீ. கடைசி வரி வரைக்கும் நானும் ஏமாந்துதான் போனேன். "அந்தப் பெண் அவருடைய மகள்." அங்கேதான் மாட்டிக்கொண்டாய். அப்பா செத்தாலும் அப்படி ஒரு வரி எழுத மாட்டார்.

உப்பை மறந்துவிடலாம். இதையும் நான் மறந்துவிடுகிறேன். நீ நல்லதுக்காகத்தான் செய்கிறாய்.

நிஜமாக இருந்தால் அவருக்குப் போன் இருக்கிறது. என் நம்பர் உன்னிடம் இருக்கிறது. ஒரு வாரம் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

மாத முடிவில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல். தூரம். புது முகவரியை எழுதப் போவதில்லை. உன்னை வெறுத்து அல்ல. வந்த கடிதம் உண்மையா பொய்யா என்று யோசித்துக்கொண்டே டியூட்டி பார்க்க முடியவில்லை.

நன்றாகப் படி. அம்மாவிடம் முழங்கால் மாத்திரையை விடாமல் போடச் சொல்.

அக்கா

—

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

இது நீ கிளம்புவதற்குள் வந்துசேருமா என்று தெரியவில்லை.

என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. அந்த வரியை அப்பாதான் எழுதினார். இரண்டாம் முறை அதைப் படிக்கும்போது நான் நின்றுவிட்டேன். "ஏன் நிறுத்திட்ட? மேல படி" என்றார். "மேல இல்லப்பா, அவ்வளவுதான்" என்றேன். "சரி, புள்ளி போடு" என்றார். இது உனக்கு அத்தாட்சியாகாது. மார்ச்சில் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஆகியிருக்கும்.

உன் கடிதம் வந்த அன்றே நம்பரை எழுதி அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு நாளும் வைத்தேன். ஐந்தாம் நாள், "அச்சுல செஞ்ச தப்பை வாயால திருத்த முடியாதும்மா. அதைப் படிச்ச அத்தனை பேருக்கும் நான் இனிமே எங்க போய்ச் சொல்லுவேன்? அவகிட்ட மட்டும் ரகசியமா சொன்னா, அது மன்னிப்பு இல்ல, சமாதானம்" என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "ஊருக்கெல்லாம் எழுதத் தெரியும். பெத்த பொண்ணுக்கு ஒரு ‘ஹலோ’ சொல்ல நாக்கு வராது" என்றாள். வேறு பத்திரிகையில் ‘நிதான’த்தைக் கேட்கிறார்களா, திருத்தத்தை அங்கே போடலாமா என்று விசாரித்தேன். ஒரு இடத்தில் கேட்டார்களாம், தலைவரை வாழ்த்தி முதல் வாரம் தொடங்கினால். அதற்கு அப்பா ஒப்பவில்லை.

இன்று அலுவலகத்தைக் காலி செய்தோம். முத்திரை மாமா தன் முத்திரையை எனக்கே கொடுத்துவிட்டார். "இனிமே யாருக்குக் குத்தறது?" என்றார். உன் கடிதத்தை அப்பா எங்கே வைத்தார் என்று தேடினேன். ‘பதில் எழுத வேண்டியவை’ என்ற கோப்பில், எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அந்தக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவரும் பெட்டியில் அவரே வைத்தார்.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கை உடைந்த நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது. அப்பா சுவரைத் தடவிக்கொண்டு அறை அறையாகப் போனார், நான் விளக்குகளை அணைத்துக்கொண்டே பின்னால் போனேன். பின்னறை, அச்சுக்கோப்பு அறை, தபால் மேஜை. கடைசியில் தன் அறை.

"இதையெல்லாம் அவளுக்கு எழுதறியா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஆமாப்பா."

"நடந்தபடி எழுதறியா?"

"ஆமாப்பா." காத்திருந்தேன். "நீங்க ஏதாவது சேர்க்கணுமாப்பா?"

ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். உதடு அசைந்தது. ஆனால் சொன்னது இதுதான்: "எத்தனை விளக்குன்னு சரியா எண்ணிப் போடு."

எண்ணினேன். மொத்தம் ஒன்பது விளக்குகள். எட்டை நான் அணைத்தேன். ஒன்பதாவதை அப்பா அணைத்தார்.

பூச்சி